கிராண்ட் கேன்யன்: வேகாஸிலிருந்து ஒரே நாளில் போய் வருவதா, ஒரு ராத்திரி தங்குவதா?

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். மூன்று, நான்கு நாள் லீவு. லாஸ் வேகாஸில் ஹோட்டல் போட்டாயிற்று. அதில் ஒரு நாள் கிராண்ட் கேன்யன் போக வேண்டும். மேப்பில் பார்த்தால் அதன் தெற்கு விளிம்பான சவுத் ரிம்முக்கு ஒரு வழிக்கு நாலரை மணி நேரம் காட்டுகிறது. நாமே ஓட்டிக்கொண்டு போய் வந்துவிடலாமா, டூர் பஸ்ஸில் ஏறிவிடலாமா, அல்லது பக்கத்திலேயே இருக்கும் மேற்கு விளிம்பான வெஸ்ட் ரிம் போதுமா? இதில் எதையாவது முடிவு செய்யும் முன்பே வீட்டில் பாதி சண்டை முடிந்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேன்யன் பக்கத்தில் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் எல்லாருக்கும் அது முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மற்ற வழிகளில் எது பொருந்தும் என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து முடிவு செய்வது?

எல்லாரும் முதலில் பார்ப்பது டிக்கெட் விலை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். அதற்கு முன் நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

விளிம்பில் எந்த நேரத்தில் நிற்கப் போகிறீர்கள்? இதுதான் மிக முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கேன்யனின் அழகு பாறை அடுக்குகளில் இருக்கிறது. மேலே இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு சுமார் 27 கோடி வயது. அடியில் ஆற்றோரம் கறுத்துக் கிடக்கும் பாறைக்கு 170 கோடிக்கும் மேல். காலையிலும் சாயங்காலத்திலும் வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, ஊதா எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. உச்சி வெயிலில் நிழல் போய்விடும், நிறம் வெளுத்துவிடும், ஒரு மைலுக்கு மேற்பட்ட ஆழம்கூடத் தட்டையாகத் தெரியும். “ஃபோட்டோவில் பார்த்த மாதிரி இல்லையே” என்று சொல்பவர்களை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் மத்தியானம் போனவர்களாக இருப்பார்கள்.

எத்தனை மணி நேரம் வண்டியில், எத்தனை மணி நேரம் விளிம்பில்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது ஓட்டப் போவது யார்? போகும்போது எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு, பின்சீட்டில் எல்லாரும் தூங்கும்போது, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

குழுவில் மூத்தவரும் இளையவரும் யார்? சவுத் ரிம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஊட்டி மாதிரி. வேகாஸோ 600 மீட்டர்தான். காலையில் அங்கே கிளம்பி மத்தியானம் இங்கே இறங்கும் பெரியவர்களுக்கு நடக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். ஜூலையில் வேகாஸ் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது இங்கே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். டிசம்பரில் தண்ணீர் உறையும் குளிர்.

அப்புறம்தான் செலவு. அதிலும் வெளியே தெரியும் செலவு, தெரியாத செலவு என்று இரண்டு உண்டு. ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

| | காரில் ஒரே நாள் | டூர் பஸ் | வெஸ்ட் ரிம் | ஒரு ராத்திரி தங்கல் |
|---|---|---|---|---|
| வண்டியில் | 9–10 மணி நேரம் | 10 மணி நேரத்துக்கு மேல் | 4½–5 மணி நேரம் | நாளுக்கு 5 மணி நேரம் |
| விளிம்பில் | 4–5 மணி நேரம் | சுமார் 3 மணி நேரம் | 3–4 மணி நேரம் | ஒரு சாயங்காலம், ஒரு காலை |
| வெளிச்சம் | பெரும்பாலும் மத்தியானம் | மத்தியானம் | நீங்கள் கிளம்பும் நேரத்தைப் பொறுத்தது | இரண்டு நல்ல வேளையும் |
| ஓட்டுபவர் பாடு | மிகக் கஷ்டம் | இல்லை | லேசு | பரவாயில்லை |
| மறைந்த செலவு | களைப்பு, மறுநாள் | உணவு, டிப்ஸ் | தலைக்குத் தலை டிக்கெட் | இரண்டு ஊரிலும் அறை வாடகை |

நார்த் ரிம்மை இதில் சேர்க்கவில்லை. குளிர்காலம் முழுக்க அது மூடியிருக்கும். 2025 ஜூலையில் பற்றிய காட்டுத் தீயில் அங்கிருந்த பழைய கிராண்ட் கேன்யன் லாட்ஜும் எரிந்துபோனது. முதல் தடவை வருபவர்களுக்கு அது வேண்டாம்.

## வழி 1: சொந்தமாக ஓட்டி, ஒரே நாளில் சவுத் ரிம்

வேகாஸிலிருந்து சவுத் ரிம் சுமார் 450 கிலோமீட்டர். ஹூவர் அணையைத் தாண்டி கிங்மன், அங்கிருந்து ஐ-40 நெடுஞ்சாலை பிடித்துக் கிழக்கே வில்லியம்ஸ், பிறகு 64ஆம் எண் சாலையில் வடக்கே ஒரு மணி நேரம். போக வர 900 கிலோமீட்டர்.

ரோடு நன்றாகவே இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஐ-40-இல் வேக வரம்பு பெரும்பாலும் 75 மைல். மாறிக்கொண்டே வரும் நிலத்தைப் பார்ப்பதும் சுகம்தான்: கிங்மன் வரை முள்செடியும் மொட்டைக் குன்றும், செலிக்மன் தாண்டியதும் குட்டை ஜூனிப்பர் மரங்கள், வில்லியம்ஸ் நெருங்கும்போது உயரமான பைன் மரங்கள், ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று. பழைய ரூட் 66 ஓடிய செலிக்மனில் இறங்கிக் காபி குடிக்கலாம்.

மேப் சொல்லும் நாலரை மணி நேரத்தில் பாத்ரூம் கிடையாது, பெட்ரோல் கிடையாது, குழந்தைக்கு வயிறு சரியில்லாமல் போவது கிடையாது. ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பத்தரை. எட்டு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் ஒன்றரை, கோடையில் அதற்கு மேல், பூங்காவை ஒட்டிய டூசயான் என்ற சிற்றூர்ப் பக்கத்து நுழைவாயிலில் கார் வரிசை. அதாவது தாமதமாகக் கிளம்புவதற்கு இரட்டைத் தண்டனை.

நேரக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. கேன்யன் இருக்கும் அரிசோனாவில், கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் பழக்கம் கிடையாது. கோடையில் வேகாஸும் கேன்யனும் ஒரே நேரம். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை கேன்யன் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். டிசம்பரில் அங்கே ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆக, குளிர்காலத்தில் ஒரே நாள் பயணம் என்றால் விளிம்பில் கிடைக்கும் பொழுது இன்னும் சுருங்கும். ஐ-40-இல் பனி விழுந்தால் மொத்தத் திட்டமும் போச்சு.

செலவில் கார் வாடகையும் பெட்ரோலும் கண்ணுக்குத் தெரியும். பெரிய வண்டி என்றால் 20 கேலனுக்கு மேல் குடிக்கும். கேன்யன் கிராமத்துக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, டூசயானில் விலை அதிகம். வில்லியம்ஸிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்கா நுழைவு ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் விஷயத்தில் மட்டும் கவனம்: 2026 ஜனவரியிலிருந்து, அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. 250 டாலரில் அவர்களுக்கென ஆண்டு அட்டையும் உண்டு. கிளம்புவதற்கு முன்பே பூங்காவின் இணையதளத்தில் உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிடுங்கள். வாசலில் வைத்து இதைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

தெரியாத செலவு, திரும்பும் வழியில் இருக்கிறது. அஸ்தமனம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று எல்லாருக்கும் ஆசை வரும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஏழே முக்கால் ஆகிவிடும். பார்க்கிங்கிலிருந்து வெளியே வர அரை மணி. வேகாஸ் வந்து சேர நள்ளிரவு தாண்டும். 64ஆம் எண் சாலையில் இருட்டியதும் எல்க் மான்கள் குறுக்கே வரும். ஒவ்வொன்றும் ஒரு மாடு கனம். அந்த ரோட்டில், அந்தக் களைப்பில், பெரியவர்களை வைத்துக்கொண்டு ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அஸ்தமனத்தை விட்டுக்கொடுத்து நாலு மணிக்கே கிளம்பினால்தான் ஒரே நாள் பயணம் பாதுகாப்பானது. விட்டுக்கொடுத்தால், வந்ததில் பாதி போய்விடுகிறது. இந்த வழியின் சிக்கலே அதுதான்.

யாருக்குச் சரி: மாற்றி மாற்றி ஓட்ட இரண்டு பேர் இருக்கும் இளம் ஜோடிகள், நண்பர்கள். மே முதல் செப்டம்பர் வரை. விடிவதற்கு முன் கிளம்பக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

## வழி 2: டூர் பஸ்

விடிகாலையில் ஹோட்டல் வாசலில் ஏற்றிக்கொள்வார்கள், ராத்திரி ஒன்பது பத்து மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மொத்தம் 14, 15 மணி நேரம். அதில் கேன்யனில் நிற்பது சுமார் மூன்று மணி நேரம், அதுவும் நடுப்பகலில். மீதியில் பல ஹோட்டல்களைச் சுற்றி ஆளேற்றுவது, ஹூவர் அணைப் பக்கம் நிறுத்துவது, ரூட் 66 கடைகளில் நிறுத்துவது எல்லாம் அடக்கம்.

இதன் ஒரே பலம், நீங்கள் ஓட்ட வேண்டாம் என்பது. அது சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கும், தனியாக வருபவர்களுக்கும் பஸ்தான் நியாயமான வழி. பஸ்ஸிலேயே பாத்ரூம் இருக்கிறதா என்று முன்பதிவின்போது கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி உள்ள அப்பாக்களுக்கு அது மிக முக்கியம். மதிய உணவு சேர்த்தி என்றால் சைவம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொன்னாலும் கிடைப்பது இரண்டு ரொட்டிக்கு நடுவே கொஞ்சம் இலைதான் என்று வைத்துக்கொண்டு, கையில் ஒரு டப்பா புளியோதரை எடுத்துப் போங்கள். ஓட்டுநருக்கும் கைடுக்கும் டிப்ஸ் தனி. அறிவிக்கும் விலையில் பூங்கா நுழைவுக் கட்டணம் அடக்கமா என்பதையும் பாருங்கள்.

நாலு பேருக்கு மேல் போகும்போது பஸ் டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை, கார் வாடகையும் ஒரு ராத்திரி அறையும் சேர்ந்த தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அங்கேயே நான் பஸ்ஸை விட்டுவிடுவேன்.

## வழி 3: வெஸ்ட் ரிம்

வேகாஸிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். 2014-க்குப் பிறகு வழி முழுக்கத் தார் ரோடு. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் ஐந்துக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். குழந்தையின் தூக்கமும் கெடாது, பாட்டியின் மருந்து நேரமும் தவறாது.

ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா இல்லை. ஹுவலபாய் பழங்குடியினரின் நிலம், அவர்களே நடத்துகிறார்கள். பூங்காவின் ஆண்டு அட்டை இங்கே செல்லாது, காருக்கு ஒரு கட்டணம் என்ற கணக்கும் கிடையாது. தலைக்கு ஒரு டிக்கெட். 2007-இல் திறந்த ஸ்கைவாக் கண்ணாடிப் பாலத்துக்குத் தனிக் காசு. அது விளிம்பைத் தாண்டி 21 மீட்டர் வெளியே நீண்டு, குதிரைலாடம் போல வளைந்து திரும்பும், காலடியில் கண்ணாடி. ஆறு பேர் குடும்பத்துக்குக் கூட்டிப் பாருங்கள், சவுத் ரிம்மின் 35 டாலர் மிக மலிவாகத் தோன்றும்.

காட்சியிலும் வித்தியாசம் உண்டு. சவுத் ரிம்மில் எதிர்க்கரை எங்கோ தொலைவில், நடுவில் கோபுரங்களாகப் பாறைகள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பள்ளத்தாக்குகள். வெஸ்ட் ரிம்மில் கேன்யன் குறுகலானது, ஆழமும் குறைவு. பதிலுக்கு கொலராடோ ஆறு நன்றாகத் தெரியும். குவானோ பாயின்ட் என்ற இடத்தில் மூன்று பக்கமும் பள்ளம் விழும், ஸ்கைவாக்கைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. விளிம்பில் பல இடங்களில் தடுப்பு கிடையாது. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஹெலிகாப்டரில் பள்ளத்தாக்கின் அடியில் இறங்கும் ஆசை இருந்தாலும் இந்தப் பக்கம்தான், தேசியப் பூங்காவுக்குள் அப்படி இறக்குவதில்லை. அரை நாளில் முடிந்துவிடும், பர்ஸும் கனமாக இருக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் ரத்தாகும், அதனால் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

யாருக்குச் சரி: கைக்குழந்தை உள்ளவர்கள், நீண்ட நேரம் உட்கார முடியாத பெரியவர்கள், கையில் உண்மையிலேயே ஒரு பகல் மட்டும் உள்ளவர்கள். “பக்கத்தில்தானே, இரண்டும் ஒன்றுதானே” என்று நினைத்துப் போகாதீர்கள். வேறு இடம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

## வழி 4: ஒரு ராத்திரி தங்குவது

நீண்ட பயண நாளை இரண்டாக மடித்துவிடுகிறோம், அவ்வளவுதான். ஆனால் எல்லாமே மாறிவிடுகிறது.

காலை எட்டரைக்கு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வேகாஸிலிருந்து கிளம்புங்கள். நிறுத்தி நிறுத்திப் போகலாம். மதியம் இரண்டரைக்கு டூசயானிலோ வில்லியம்ஸிலோ அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு அப்பா அம்மா ஒரு குட்டித் தூக்கம் போடட்டும். நாலரை மணிக்கு, மற்றவர்கள் வெளியே வரும் நேரத்தில், நாம் உள்ளே போகிறோம். நுழைவாயிலில் வரிசை இருக்காது.

அங்கே ஒரு விசித்திரம். கடைசி நிமிஷம் வரை கேன்யன் கண்ணில் படாது. பைன் மரங்கள் அடர்ந்த சமதரை, பார்க்கிங், விசிட்டர் சென்டர், சிமென்ட் பாதை. ஐந்து நிமிடம் நடந்தால் மேதர் பாயின்ட் வந்து தரை அப்படியே முடிந்துவிடும். கண்ணுக்கெட்டும் தூரம் வரை பள்ளத்தாக்கு. தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி முதல் இரண்டு மூன்று நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். கிழக்கே கூம்பாக நிற்கும் ஒரு சிகரத்துக்கு விஷ்ணு டெம்பிள் என்று பெயர். சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள் என்றும் சிகரங்கள் இருக்கின்றன. கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயரைச் சூட்டும் இந்த வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி வைத்தவர் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர். அம்மாவுக்கு இதைக் காட்டிச் சொல்லுங்கள், கை தானாகக் கூப்பிவிடும்.

மேதர் பாயின்டிலிருந்து யவபாய் நிலவியல் அருங்காட்சியகம் வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம், தார் போட்ட பாதை. சக்கர நாற்காலியிலும் போகலாம். அஸ்தமனத்துக்கு ஹோப்பி பாயின்ட். மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே போகும் ஹெர்மிட் சாலையில் சொந்தக் காரை விட மாட்டார்கள், இலவச ஷட்டில் பஸ் உண்டு. சூரியன் மறைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடுவார்கள், வரிசை நீளும், குளிர் ஏறும். கோடையானாலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

இருட்டியபின் மேலே பாருங்கள். செயற்கை வெளிச்சம் வானத்தைக் கெடுக்காத ‘இருண்ட வானப் பூங்கா’ என்று 2019-இல் அங்கீகாரம் பெற்ற இடம் இது. நிலவில்லாத ராத்திரியில் பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். பிறகு மறுநாள் விடியல். ஜூனில் ஐந்தேகாலுக்கு உதயம், கூட்டமே இருக்காது. நேரம் இருந்தால் கிழக்கே 40 கிலோமீட்டர் ஓட்டி டெசர்ட் வியூவில் 1932-இல் கட்டிய கல் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பதினொன்றுக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே வேகாஸ்.

எங்கே தங்குவது? பூங்காவுக்குள் விளிம்பை ஒட்டியே லாட்ஜுகள் உண்டு. 13 மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறக்கிறது, சீக்கிரம் தீர்ந்தும் விடுகிறது. யாராவது ரத்து செய்தால் கடைசி நாட்களில் கிடைக்கும், தினமும் ஒரு தடவை பாருங்கள். டூசயான் வாசலுக்கு வெளியே உடனே இருக்கிறது, வாடகை அதிகம். வில்லியம்ஸ் ஒரு மணி நேரம் தள்ளி, வாடகை குறைவு. ஃபிளாக்ஸ்டாஃப் ஒன்றரை மணி நேரம், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும், ஆனால் விடியல் பார்க்க மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். பெரியவர்கள் இருந்தால் நான் டூசயானுக்கே காசு கொடுப்பேன்.

வில்லியம்ஸில் தங்கினால் ரயிலும் ஒரு வழி. 1901-இல் ஓட ஆரம்பித்து, 1968-இல் நின்று, 1989-இல் மறுபடி கிளம்பியது. காலை ஒன்பதரைக்கு ஏறினால் 11:45-க்கு விளிம்பு, மாலை மூன்றரைக்குத் திரும்பும். வழியில் பாட்டு, வேஷம் கட்டிய கொள்ளையர்கள் எல்லாம் உண்டு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள், மறுபடியும் அதே உச்சிப் பொழுது. ரயிலுக்காக ரயிலில் போங்கள். கேன்யனுக்காக என்றால் காரே மேல்.

மறைந்த செலவு ஒன்றுதான், ஆனால் பெரிது: வேகாஸ் அறையை வைத்துக்கொண்டே இங்கேயும் அறை எடுப்பது. வேகாஸில் வாடகைக்கு மேல் தினமும் ரிசார்ட் கட்டணம் வேறு. அன்று காலை அங்கே அறையைக் காலி செய்துவிட்டு, திரும்பி வந்து புதிதாக எடுங்கள். கேன்யன் ராத்திரியைச் சனிக்கிழமை வைத்தால் இன்னும் நல்லது. வேகாஸில் வெள்ளி, சனிதான் வாடகை ஏறும். மிச்சமாகும் பணமே டூசயான் அறைக்குப் பெரும்பகுதி கட்டிவிடும்.

## இன்னும் விமான டிக்கெட் போடவில்லையா?

அப்படியானால் ஃபீனிக்ஸைப் பாருங்கள். அங்கிருந்து சவுத் ரிம் சுமார் 370 கிலோமீட்டர், மூன்றரை நான்கு மணி நேரம். கொஞ்சம் விலகினால் செடோனாவின் சிவப்புப் பாறைகள் வேறு. வேகாஸும் வேண்டும் என்றால் ஒரு ஊரில் இறங்கி மற்றதில் ஏறுங்கள், போன ரோட்டிலேயே திரும்பும் ஐந்து மணி நேரம் மிச்சம். காரை வேறு ஊரில் விடுவதற்கு வாடகைக் கம்பெனி கூடுதலாகக் கேட்கும். அந்தத் தொகை கம்பெனிக்குக் கம்பெனி நிறைய மாறும், அதனால் விமான டிக்கெட்டை உறுதி செய்வதற்கு முன்பே கார் விலையையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.